இங்கிலாந்துல வாடகை வீடு எடுக்கப் போறீங்களா? ஆறு மாச வாடகைக்காக நகைய அடகு வைக்காதீங்க

போன வாரம் தக்கலையில எங்க அண்ணன் மக வந்திருந்தா, நர்ஸ், லெஸ்டர்ல வேலை கெடச்சிருக்கு. "மாமி, அங்க வீடு எடுக்க ஆறு மாச வாடகைய மொத்தமா முதல்லயே கேக்காவ, அம்மா வளையல பேங்க்ல வைக்கப் போறாவ"ன்னு சொன்னா. கேட்டதும் மனசு பதறிட்டு, ஏன்னா 2018-ல நான் போனப்போ எனக்கும் இதேதான் நடந்துது, அந்த ஊர்ல நமக்கு கிரெடிட் ஹிஸ்டரி (கடன், பில்லு ஒழுங்கா கட்டுன பதிவு) கெடையாது, ஜாமீன் நிக்க ஆளும் கெடையாது, அதனால மொத்தமா கட்டுன்னு ஏஜென்ட் சொன்னாரு, நானும் தாலிச் செயின வச்சுதான் கட்டுனேன். அப்போ அப்படி கேக்குறத சட்டம் தடுக்கல.

இப்போ தடுக்குது. ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட் 2025-ன்னு ஒரு சட்டம், 2026 மே 1-ல இருந்து நடைமுறை. அந்தத் தேதிக்குப் பிறகு போடுற அக்ரிமென்ட்ல, நீங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னால வாடகைன்னு ஒரு காசும் வாங்கக் கூடாது, கையெழுத்து போட்ட பிறகும் குடியேறுறதுக்கு முன்னால ஒரு மாச வாடகைதான் கேக்கலாம். விளம்பரத்துல போட்ட வாடகைக்கு மேல ஏத்திக் கேக்கவும் கூடாது, நீங்களா கூட்டித் தரேன்னாலும் வாங்கக் கூடாது. ஜாமீன்தாரர் வேணும்னு மட்டும் இப்பவும் கேக்கலாம், அதுக்கு ஆள் இல்லன்னா வேலை குடுக்குற ஆஸ்பத்திரில முதல் கொஞ்ச நாளைக்கு தங்க இடம் உண்டான்னு கெளம்புறதுக்கு முன்னாலயே மெயில் போட்டுக் கேளுங்க, நெறைய எடத்துல உண்டு.

அடுத்தது டெபாசிட். நாகர்கோவில்ல அட்வான்ஸ் எவ்வளவுங்கறது ஓனர் வாயில வர்றதுதான், அங்க அப்படி இல்ல. 2019 ஜூன்ல வந்த சட்டப்படி அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்க முடியாது (வருச வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ இருந்தா). மாசம் 900 பவுண்டு வாடகைன்னு வச்சுக்கோங்க, பன்னெண்டால பெருக்கி 52-ஆல வகுத்தா வாரத்துக்கு 207 பவுண்டு சொச்சம், அஞ்சு வாரத்துக்கு 1,038 பவுண்டு, அதுதான் உச்சம். வீட்ட உங்களுக்காகப் பிடிச்சு வைக்க, ஒரு வார வாடகை அளவுக்கு முன்பணம் மட்டும் வாங்கலாம். ரெஃபரன்ஸ் ஃபீஸ், கிரெடிட் செக் ஃபீஸ், அக்ரிமென்ட் ஃபீஸ்னு எதுவும் கேக்கக் கூடாது.

அந்த டெபாசிட்ட ஓனர் தன் பையில வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாது. அரசு அங்கீகரிச்ச மூணு அமைப்பு இருக்கு: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். 30 நாளுக்குள்ள இதுல ஒண்ணுல பாதுகாப்பா பதிஞ்சு உங்களுக்கு விவரம் எழுத்துல தரணும், தரலன்னா நீங்க கோர்ட்டுக்குப் போயி டெபாசிட் அளவுக்கோ அதுல மூணு மடங்கு வரைக்குமோ ஈடா வாங்கலாம். காலி பண்ணும்போது டெபாசிட்ல பிடிக்கிற காசப் பத்தி தகராறு வந்தா அந்த அமைப்பே காசு வாங்காம தீர்த்து வைக்கும்.

அங்கதான் ஃபோட்டோ கை குடுக்கும். என் முதல் வீட்டுல கட்டிலுக்குப் பின்னால கார்பெட்ல இஸ்திரிப் பெட்டி சுட்ட அடையாளம் ஒண்ணு, முக்கோணமா, நுனி செவுத்தப் பாத்து. குடியேறுன அன்னைக்கே கட்டில நகத்தி அத ஃபோட்டோ எடுத்து ஏஜென்டுக்கு மெயில் போட்டேன். காலி பண்ணும்போது கார்பெட்டுக்குன்னு காசு பிடிக்கப் பாத்தாங்க, அந்த மெயில அனுப்புனேன், முழுப் பணமும் வந்துது. அதனால சுவரு, சிங்க் அடி, ஜன்னல் ஓரத்துப் பூஞ்சை ஒண்ணு விடாம எடுங்க மக்களே.

ஒரு விசயத்துல கவனம். நம்ம ஊருக்காரங்க வீட்டுல, அவங்களும் கூடவே இருக்க, ஒரு ரூம் எடுத்தீங்கன்னா நீங்க லாட்ஜர், இந்த டெபாசிட் பாதுகாப்பு கெடைக்காது. பழகுனவங்கதானன்னு விடாம பணத்துக்கு ரசீது வாங்குங்க.

மார்த்தாண்டத்துல இருந்துகிட்டே, வீட்ட யாரும் நேர்ல பாக்காம பணம் மட்டும் அனுப்பவே அனுப்பாதீங்க. பதினெட்டு வயசுக்கு மேல உள்ள எல்லாரோட விசாவையும் ஓனர் சரி பாக்கணும், அதுக்கு ஷேர் கோட் (உங்க விசா விவரத்த ஆன்லைன்ல பாக்க ஓனருக்குக் குடுக்குற எண்) கேப்பாங்க, அரசு வெப்சைட்ல சும்மாவே எடுக்கலாம், 90 நாள் செல்லும். கூடுதலா பணம் கேட்டா அந்த ஊர் கவுன்சில்ல (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) புகார் குடுங்க, ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு ரெண்டு தொண்டு அமைப்பு இருக்கு, ரெண்டுலயும் இலவசமா ஆலோசனை கெடைக்கும்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்தான், வேல்ஸ்ல கார்டிஃபோ ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவோ போறவங்களுக்கு சட்டம் வேற, அங்கத்த கவுன்சில்ல கேட்டுக்கோங்க.