நான்கு பேர் சளி, ஒரு கேட்ரிட்ஜ்

முகாம் மாதிரிகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அன்றும் அப்படித்தான். கல்குவாரி ஒன்றை ஒட்டிய குடியிருப்பில் நடந்த காசநோய் முகாமிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் சளி அடங்கிய 53 ஃபால்கன் குழாய்கள் (மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்கள்) வந்து இறங்கின. டெக்னீஷியன் அலமாரியைத் திறந்து எண்ணிவிட்டு வந்தார். "சார், கேட்ரிட்ஜ் 27தான் இருக்கிறது. அடுத்த சரக்கு செவ்வாய்க்கிழமைதான். யாருடையதை முதலில் போடுவது?"

கேட்ரிட்ஜ் என்பது சளியை ஊற்றி இயந்திரத்தில் செருகும் சிறு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு முறைதான் பயன்படும். அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. வழக்கமான பதில்கள் இரண்டு உண்டு. முதலில் வந்த 27 குழாய்களைப் போட்டுவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைப்பது ஒன்று. மீதிப் பேருக்குக் கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் பல ஆண்டுகள் நானே செய்திருக்கிறேன், பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை.

மைக்ராஸ்கோப்பை நான் மட்டமாகப் பேச மாட்டேன். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோது அவர் கையில் இருந்த கருவி அதுதான். ஆனால் அதன் கண்ணில் கிருமி பட வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 25 தகடுகளுக்கு மேல் பார்த்தால் பார்ப்பவரின் கண் களைத்துவிடும். முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆரம்ப நிலையில் இருப்பவர்கள், அவர்கள் சளியில் கிருமி குறைவு. யாரைத் தேடி முகாம் போட்டோமோ அவர்களையே தகடு தவறவிட்டுவிடும்.

கிருமியின் மரபணுவைத் தேடும், கேட்ரிட்ஜில் ஓடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையை (நம் ஊர் ஆய்வகங்களில் சிபிநாட் என்றால்தான் புரியும்) உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. முதலில் வந்த கேட்ரிட்ஜ் ஒரு மில்லியில் சுமார் 130 கிருமிகள் இருந்தாலே காட்டிக்கொடுத்தது. பிறகு வந்த அல்ட்ரா ரகத்துக்குச் சுமார் 16 போதும். காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே ஓட்டத்தில் சொல்லிவிடும். குறை என்றால் விலைதான். வளரும் நாடுகளுக்கான சலுகை விலையே ஒரு கேட்ரிட்ஜுக்கு 2012 முதல் 10 டாலரை ஒட்டி இருந்தது. 2023இல்தான் 8 டாலருக்கு இறங்கியது. இயந்திரம் வாங்கத் திறப்பு விழாவோடு பணம் வந்துவிடும். மாதாமாதம் கேட்ரிட்ஜ் வாங்க அப்படி வருவதில்லை. இயந்திரத்தில் கேட்ரிட்ஜ் செருகும் நான்கு மாட்யூலில் (அறைகளில்) ஒன்று பழுதாகி மாதக்கணக்கில் சும்மா கிடந்த இடத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முழு இயந்திரம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் செய்தது மூன்றாவது வழி. சளியைக் கலந்து போட்டோம்.

கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் யோசனை பழையது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, சிபிலிஸ் நோயைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனியே சோதிப்பதற்குப் பதில் பலருடையதைக் கலந்து ஒரே சோதனையாகச் செய்யலாமே என்று ராபர்ட் டார்ஃப்மன் 1943இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கொரோனா காலத்தில் ஐந்து பேர் வரை மாதிரிகளைக் கலந்து சோதிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதித்தது நினைவிருக்கலாம். காசநோய்க்கு நைஜீரியாவிலும் லாவோஸிலும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இதை விளக்கும்போது பயிற்சி வகுப்பில் யாராவது ஒருவர் "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்லிவிடுவார். பொருந்தாத பழமொழி. ஒரு பருக்கையை நசுக்கி மீதியை ஊகிக்கிற வேலை இது இல்லை. நான்கு பேரின் சளியும் கேட்ரிட்ஜுக்குள் போகிறது. கிருமி இல்லை என்று வந்தால் நால்வருக்கும் ஒரே ஓட்டத்தில் பதில் கிடைத்துவிட்டது. இருக்கிறது என்று வந்தால் நால்வரையும் தனித்தனியாகப் போட்டு, யார் என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு மிச்சமாகும்? நூறு பேரில் 5 பேருக்கு நோய் இருக்கும் கூட்டம் என்றால், நான்கு நான்காகக் கலந்தால் சராசரியாக 44 கேட்ரிட்ஜ் போதும். 2 பேருக்குத்தான் நோய் என்றால் 33. பத்துப் பேருக்கு என்றால் 59. முப்பது பேருக்கு நோய் இருக்கும் இடத்தில் கலந்தால் 101 ஆகிவிடும், அதாவது தனித்தனியாகப் போடுவதைவிட ஒன்று கூடுதல். முகாமில் லாபம் தரும் இந்த முறை, இருமலோடு மெலிந்து போய் வந்து நிற்கிறவர்களின் வரிசையில் நஷ்டம். எல்லா இடத்துக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு மடங்கு நீர்த்துப்போவதால் கிருமி தப்பிவிடாதா என்ற சந்தேகம் நியாயமானது. அல்ட்ராவில் 16 போதும் என்றால், நான்காகக் கலந்த பிறகு ஒருவர் சளியில் சுமார் 64 இருந்தால் பிடிபடும். பழைய கேட்ரிட்ஜில் தனியாகப் போட்டாலே 130 வேண்டியிருந்தது. ஆகவே கணக்கு நம் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் மிகக் குறைவான கிருமி உள்ள சிலர் தப்பத்தான் செய்வார்கள். அதை மறைத்துக்கொண்டு இந்த முறையைப் பரிந்துரைப்பது நேர்மையல்ல. செவ்வாய்க்கிழமை வரை ஃபிரிட்ஜில் காத்திருந்து, முடிவு தெரியாமலே ஊர் மாறிப் போகிறவர்களையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

யாரைக் கலக்கக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். எச்ஐவி உள்ளவர்கள், குழந்தைகள், ஏற்கெனவே காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளியின் வீட்டார், சளியில் ரத்தம் வருகிறவர்கள் எல்லோருக்கும் தனி கேட்ரிட்ஜ். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவர்களில் யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதை எடைக்கும் உயரத்துக்குமான விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தை வைத்தே பிரித்துவிடுகிறது. ஒரு எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் போதும். காசில்லாமல் எப்படி வேலை செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த ஐந்தும் எழுதிய ஒற்றைத் தாளைத்தான்.

கலப்பதற்கு முன்னால் சலிக்கவும் வேண்டும், அதற்கு எக்ஸ்ரே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளை மட்டும் கேட்டுப் போயிருந்தால் சுமார் 43 சதவீத நோயாளிகள் விடுபட்டிருப்பார்கள். அவர்கள் எக்ஸ்ரேயால்தான் சிக்கினார்கள். இப்போது கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும், படத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் கணினி மென்பொருளும் முகாமுக்கே வருகின்றன. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு அந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லிவிட்டது. குவாரித் தொழிலாளிகளின் படத்தில் கல்தூசியால் வந்த தழும்புகளும் இருக்கும், மென்பொருள் அங்கே சற்றுக் குழம்பும். சிலிகோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் அந்தக் குழப்பத்தை அலட்சியமும் செய்ய முடியாது.

அன்று 53 பேரில் ஐந்து பேரின் எக்ஸ்ரே பளிச்சென்று சந்தேகப்படும்படி இருந்தது. அவர்களுக்குத் தனித்தனியாக ஐந்து கேட்ரிட்ஜ். மீதி 48 பேரைப் பன்னிரண்டு கலவைகளாக்கினோம். குழாயில் எழுதிய வரிசை எண்படி நான் பிரிக்கத் தொடங்கியபோது டெக்னீஷியன் தடுத்தார். முகாம் பதிவேட்டை எடுத்து, ஒரே கொட்டகையில் தங்கியிருப்பவர்களை ஒரே கலவையில் வரும்படி அடுக்கினார். ஒரு கூரையின் கீழ் படுப்பவர்களிடம்தான் நோய் சேர்ந்து இருக்கும், அவர்கள் வெவ்வேறு கலவைக்குள் சிதறினால் பல கலவைகள் பாசிட்டிவ் ஆகி மிச்சமெல்லாம் போய்விடும் என்றார். புத்தகம் படித்தவன் நான், யோசனை அவருடையது.

இன்னொன்றையும் அவர்தான் பார்த்தார். நான்கு குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டினார். தண்ணீர் போல, மேலே நுரை. வெறும் எச்சில். உடனே சுகாதாரப் பார்வையாளருக்குப் போன் செய்து, அந்த நால்வரிடம் மறுநாள் விடியற்காலைச் சளி வாங்கிவரச் சொன்னோம். என் அனுபவத்தில் ஆய்வகத்தின் பெரிய வீணடிப்பு இதுதான். உலகத்தின் நுட்பமான கேட்ரிட்ஜுக்குள் எச்சிலை ஊற்றினால் அது நேர்மையாக "இல்லை" என்று சொல்லும், நாமும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். டப்பாவைக் கையில் கொடுத்துத் துப்புங்கள் என்றால் யாராக இருந்தாலும் எச்சிலைத்தான் துப்புவார்கள். வாயைக் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, நெஞ்சிலிருந்து இருமிக் காறித் துப்ப வேண்டும். கெட்டியாக இரண்டு மூன்று மில்லி. இதை ஒருமுறை செய்து காட்ட ஒரு நிமிடம் ஆகும், கூச்சத்தை விட வேண்டும்.

கலக்கும் வேலை எளிது, கவனம்தான் அதிகம். ஒவ்வொருவர் சளியிலும் ஒரு பங்கு எடுத்து இரண்டு பங்கு கரைப்பான் ஊற்றி, குலுக்கி, 15 நிமிடம் வைத்தால் நீர்த்துவிடும். அதிலிருந்து ஒவ்வொன்றிலும் அரை மில்லி என்று நான்கும் சேர்ந்து 2 மில்லி கேட்ரிட்ஜுக்குள் போகும். மிச்சச் சளி அசலாக ஃபிரிட்ஜில் இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய பைப்பெட். கலவை எண்ணும் குழாய் எண்ணும் ஒரே நோட்டில், இரண்டு பேர் கண்ணில் பட்டு எழுதப்பட வேண்டும். கலவையில் வரும் ரிஃபாம்பிசின் முடிவை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை, தனிப் பரிசோதனையில் வருவதுதான் செல்லும். கலவை பாசிட்டிவ், தனித்தனியாகப் போட்டால் நான்கும் இல்லை என்று எப்போதாவது வரும். அப்போது நால்வரிடமும் புதுச் சளி, எக்ஸ்ரே, மருத்துவரின் நேரடிப் பரிசோதனை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கலக்கத் தொடங்க வேண்டாம். எங்களுக்கு மாவட்ட அலுவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருந்தது. அதற்கு முன், தனியாகப் போட்டு முடிவு தெரிந்த மாதிரிகளையே மறுபடி கலந்து போட்டு, ஒத்துப்போகிறதா என்று பல வாரம் சரிபார்த்திருந்தோம்.

ஒரு சுற்றுக்குச் சுமார் 80 நிமிடம், நான்கு மாட்யூல். 53ஐயும் தனித்தனியாகப் போட்டிருந்தால் 14 சுற்று. நாங்கள் ஏழு சுற்றில், சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்தோம். எச்சில் கொடுத்த நால்வரின் புதுச் சளியும் காலையிலேயே வந்து கடைசிக் கலவையாகச் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டில் இரண்டு கலவைகள் பாசிட்டிவ். ஒன்றில் ஒருவர், இன்னொன்றில் ஒரே கொட்டகையில் தங்கியிருந்த இருவர். எக்ஸ்ரேயில் சந்தேகப்பட்ட ஐவரில் மூவர். ஐந்தும் பன்னிரண்டும் எட்டுமாக 25 கேட்ரிட்ஜ் செலவு.

ஆறு பேரின் பெயரும் நிக்‌ஷய் தளத்தில் (காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளம்) ஏறிய பிறகு டெக்னீஷியன் நோட்டில் இருப்பு 2 என்று எழுதி மூடினார். மூடிய கையோடு திறக்க வேண்டியிருந்தது. பெண்கள் வார்டிலிருந்து ஒரு பாட்டியின் சளி வந்திருந்தது, ரத்தக் கோடுகளோடு. தனியாகப் போட்டோம்.