வார்ம்பிளட்: வெதுக்குருதிக் குதிரை

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஷோங்வேனிப் பக்கம் ஒரு லாயத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகள், போன மாதம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு படிவத்தோடு வந்தாள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் பெட்டைக்கும் வார்ம்பிளட் பொலிகுதிரைக்கும் பிறந்த குட்டியைப் பதிவு செய்யும் படிவம். "சித்தப்பா, வார்ம்பிளட்டுக்குத் தமிழ்ல என்ன? தாத்தா கேக்கிறார்" என்றாள். யோசிக்காமல் 'வெப்ப இரத்தக் குதிரை' என்றேன். தப்பு.

வெப்ப இரத்தப் பிராணி என்று பாடத்தில் படித்தது பாலூட்டிகளையும் பறவைகளையும். அந்தக் கணக்கில் எல்லாக் குதிரையும் அதுதான். எந்த இனமானாலும் உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஜெர்மானியர் 'வார்ம்புளூட்' என்றது குணத்தை வைத்து. அரபும் தரோபிரெட்டும் சூட்டு ரகம்: துடிப்பு, சட்டென்று மிரளும். ஷயர், பெர்ஷெரான் போன்ற பாரம் இழுப்பவை குளிர் ரகம். நடுவில் வருபவை ஹானோவேரியன், ஹோல்ஸ்டைனர், ட்ராகேனர். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் இருப்பதற்குத் தமிழில் வெதுவெதுப்பு என்ற சொல் இருக்கிறதே! ஆகவே வெதுக்குருதிக் குதிரை.

அடுத்தது 'ஸ்டட்புக்'. ஸ்டட் என்பது பழைய ஆங்கிலத்தில் குதிரைகளை வைத்து வளர்க்கும் இடம். இங்கே ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் 'ஸ்டாம்புக்' என்பார்கள்; ஸ்டாம் என்றால் அடிமரம், குலம் என்றும் பொருள். எனக்குப் பிடித்தது கால்வழிப் பதிவேடு. வம்சாவளிப் பதிவேடு என்றாலும் சரிதான்.

'கிராஸ்பிரெட்' என்ற சொல்லில்தான் தாத்தா மாட்டிக்கொண்டார். கலப்பு என்றால் எப்படிப் பதிவார்கள் என்று அவருக்குச் சந்தேகம். தரோபிரெட் என்றால் அவர் கேட்டது நியாயம். தாயும் தகப்பனும் அந்த ஏட்டிலேயே இருக்க வேண்டும், செயற்கைக் கருவூட்டலும் கூடாது. வார்ம்பிளட் ஏடுகள் பல அப்படிப் பூட்டியவை அல்ல. தாயின் உடற்கட்டையும் நடையையும் பார்த்து, தேறினால் சேர்த்துக்கொள்வார்கள். ஜெர்மனியின் செல்லே நகரில் 1735-இல் அரசுப் பொலிகுதிரை நிலையம் தொடங்கியது. ஹானோவேரியன் பதிவேடு வந்தது 1888-இல்தான். அந்த இனமே கலந்து கலந்து உருவானது. ட்ராகேனர் மட்டும் கறார்: தரோபிரெட், அரபு, ஆங்கிலோ-அரபு போன்ற சிலவற்றைத் தவிர வெளி இரத்தத்துக்கு இடமில்லை. 'இருகால்வழி' என்று ஒரு சொல் செய்து பார்த்தேன். இரண்டு கால் குதிரையா என்று அவள் சிரித்தாள். கலப்பினம் என்பதே இருக்கட்டும்.

குட்டிக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டாம். ஆட்டுக்குட்டியைப் போலவே குதிரைக்குட்டியையும் 'மறி' என்கிறது தொல்காப்பியம்.

அப்புறம் அவளோடு லாயத்துக்குப் போனேன். மரபணுச் சோதனைக்காக மறியின் வாலில் முடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தரித்தால் ஆகாதாம், வேரோடு பிடுங்க வேண்டுமாம். மறி தாயின் வயிற்றுக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டது. பிடுங்கியதை வெளிச்சத்தில் பிடித்து, நுனியில் வெள்ளைப் பொட்டாக மயிர்க்கால் இருக்கிறதா என்று பார்த்து உறையில் போட்டார்கள். கால்வழியைத் தேடுவது மயிர்க்காலில்.