எர்காஸ்துலும்: பட்டறை சிறையான கதை

ரோமானியப் பெரும்பண்ணைகளில் விலங்கிட்ட அடிமைகளைப் பூட்டிவைத்த இடத்துக்கு லத்தீனில் 'எர்காஸ்துலும்' என்று பெயர். எல்லா அடிமைகளும் இதில் அடைபடவில்லை. நகரத்து வீடுகளில் சமைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் பாடு வேறு. இது பெரும்பாலும் வயலில் உழைத்தவர்களுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும்.

வேர் கிரேக்கம். 'எர்கோன்' என்றால் வேலை, 'எர்காஸ்தேரியோன்' என்றால் பட்டறை. கிரேக்கச் சொல்லில் பூட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. அவை லத்தீனில்தான் வந்து ஒட்டிக்கொண்டன.

உள்ளே எப்படி இருந்தது? கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா கட்டுமானமே சொல்லித்தருகிறார்: நிலத்தடியில் கட்டு, குறுகலான சன்னல்கள் நிறைய வை, அவை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கூடவே, முடிந்தவரை உடல்நலத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டுமாம். கரிசனம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழுவத்துக்குக் காற்றோட்டம் பார்ப்பது மாதிரிதான்.

சாப்பாட்டுக் கணக்கு அவருக்கும் முன்னால், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ எழுதியது. விலங்கிட்டவர்களுக்குக் குளிர்காலத்தில் நாளுக்கு 4 ராத்தல் ரொட்டி. திராட்சைத் தோட்டம் கொத்தத் தொடங்கினால் 5. அத்தி பழுத்ததும் மறுபடி 4. (ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம்.) பழம் கிடைக்கிறதே, ரொட்டி எதற்கு!

வழிப்போக்கர்களையும் பிடித்து இதில் அடைத்தார்கள். அதனால் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் இந்த இடங்களைச் சோதனையிட வேண்டியதாயிற்று. பின்னாளில் பேரரசர் ஹாட்ரியன் இவற்றை ஒழித்ததாக அவரது பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இடத்தின் பெயர் ஆட்களுக்கும் ஆகிவந்தது. 15 சுதந்திர மனிதர் என்றால் மக்கள், 15 அடிமைகள் என்றால் குடும்பம், விலங்கிட்ட 15 பேர் என்றால் எர்காஸ்துலும் என்கிறார் லத்தீன் எழுத்தாளர் அபுலேயுஸ்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வேலைச்சிறை' வேருக்கு நேர்மையானது, ஆனால் வாயில் ஒட்டவில்லை. 'கொத்தடிமைக் கூடம்' தவறு: கொத்தடிமை என்றதும் நமக்குக் கடன்தான் நினைவுக்கு வரும், இவர்களில் பலர் போரில் பிடிபட்டோ சந்தையில் விலைபோயோ வந்தவர்கள். என் தேர்வு 'அடிமைக் கொட்டடி'. சிறைக் கொட்டடி என்று ஏற்கெனவே வழங்குகிறோம், இருட்டும் நெரிசலும் அதிலேயே இருக்கின்றன. ஆட்களைக் குறிக்கும் இடத்தில் மட்டும் 'கொட்டடி அடிமைகள்' என்று எழுதலாம்.

இன்றைய இத்தாலிய மொழியில் 'எர்காஸ்தோலோ' என்பது ஆயுள் தண்டனை. அதைப் பெயர்க்கும்போது கொட்டடியை இழுக்க வேண்டாம்.