ஆயாவுக்கும் பேத்திக்கும் ஒரே தலைவலி

காரைக்குடியில் ஒற்றைத் தலைவலிக்காக என்னிடம் வருவோருடன் துணைக்கு வருபவருக்கும் அதே வலி இருப்பது, பேச்சினிடையே பலமுறை தெரியவந்திருக்கிறது. அண்மையில் கல்லூரி மாணவி ஒருத்தியை ஆத்தாவும் (அம்மா) ஆயாவும் (பாட்டி) அழைத்து வந்தார்கள். மாதத்தில் நான்கு நாள் தலையின் ஒரு பக்கம் தெறிப்பதாகவும், குமட்டுவதாகவும், வளவில் (வீட்டு முற்றத்தில்) விழும் வெயிலைக்கூடப் பார்க்க முடிவதில்லை என்றும் அவள் சொன்னாள். ஆத்தாவின் கவலை வேறு. "வரன் பார்க்கிறோம் டாக்டர், இது பரம்பரை வியாதியா என்று ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?"

ஒரே மரபணுவின் பிழையால் வரும் ஒற்றைத் தலைவலி உண்டு. ஆனால் அது மிக அரிது. வலியோடு உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், 1996இல் 19ஆம் குரோமோசோமில் கால்சியம் அயனிகளின் வாயிலை உருவாக்கும் மரபணுவையும், 2003இலும் 2005இலும் வேறு இரண்டையும் கண்டறிந்தார்கள். அத்தகைய அறிகுறி இருந்தால் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. இந்தப் பெண்ணுக்கு அது இல்லை.

பரவலாகக் காணப்படும் வகையின் கதை வேறு. 2022இல் வெளியான ஆய்வொன்று 1,02,084 நோயாளிகளின் மரபணுத் தொகுப்பை, அந்நோய் இல்லாத ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடையதோடு ஒப்பிட்டு, 123 இடங்களில் வேறுபாடு கண்டது; அவற்றுள் ஓர் இடம், இன்று புதிய மருந்துகள் குறிவைக்கும் சி.ஜி.ஆர்.பி. என்னும், ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் புரதத்துக்கான மரபணுக்களை அடுத்து இருக்கிறது. மருந்து ஆராய்ச்சிக்கு இது பெரும் பேறு, வரன் பார்ப்பவர்களுக்கு அன்று. ஒவ்வொரு வேறுபாடும் கூட்டும் வாய்ப்பு மிகச் சிறிது. பெரும்பாலானவை வலியே அறியாதவர்களிடமும் இருப்பவை. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களைத் தவிர்த்துச் சம்பந்தம் பேசுவதுபோல் மரபணு பார்த்து இதைத் தவிர்க்க இயலாது. மேலும், அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

ஆகவே ரத்தம் எடுக்காமல், ஆயாவிடம் கேட்டேன். இளமையில் வலி வந்தால் சுக்கை உரசிப் பற்றுப் போட்டுக்கொண்டு, இரண்டாம் கட்டு இருட்டறையில் நாள் முழுதும் படுத்திருப்பாராம். மாதவிலக்கு நின்ற பிறகு அது தானாகவே குறைந்துவிட்டதாம். எந்தப் பரிசோதனையும் இவ்வளவு சொல்லியிருக்காது.

பிறகு ஆத்தாவைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுக் கைப்பையைத் திறந்தார்; மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரைகள், மாதத்தில் இருபது நாளாவது விழுங்குகிறாராம். பதினைந்து நாளைத் தாண்டினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும். அன்று மகளுக்கு ஒரு சீட்டும் ஆத்தாவுக்கு ஒரு சீட்டுமாக இரண்டு எழுதிக் கொடுத்தேன்.