ஸ்டிக்மா: சொல் விளக்கம்

கிரேக்கத்தில் ‘ஸ்டிக்மா’ என்றால் கூர்முனையால் குத்தி உடலில் பதித்த குறி. தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் இப்படிப் பச்சை குத்தினார்கள். தாவரவியலிலும் இதே சொல் உண்டு. பூவில் மகரந்தம் ஒட்டும் நுனி அது, நம் பாடநூலில் சூலகமுடி. ஒருவரின் மதிப்பைக் குலைக்கும் அடையாளம் என்ற பொருளில் சமூகவியலுக்குள் இதை நிலைநிறுத்தியது சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய நூல்.

தமிழில் இதைப் பெரும்பாலும் ‘களங்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எச்.ஐ.வி. பற்றிய எழுத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். களங்கம் என்றதும் குறை தொற்றுள்ளவரிடமே இருப்பதாக ஆகிவிடுகிறது. ‘முத்திரை குத்துதல்’ என்றால் குத்தியது யார் என்று கேட்கத் தோன்றும். பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘பழிமுத்திரை’ பொருந்தும். இப்படி முத்திரை குத்தும் எண்ணம் செயலாகும்போது அதற்குப் பெயர் ‘பாகுபாடு’. பேச்சில் ‘ஒதுக்கிவைக்கிறது’ என்றால் யாருக்கும் விளங்கும்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இரவு கடலில் தங்கும் விசைப்படகில் எல்லாருக்கும் ஒரே சோற்றுப்பானைதான். அங்கே ஒருவருக்கு மட்டும் தட்டும் தம்ளரும் தனியாக வைத்தால் அது பாகுபாடு. ஒரே பானையில் உண்பதாலோ, வியர்வையாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது.

ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் சிகிச்சையையும் கெடுக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெரியவர்களில் பெரும்பாலோர் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் ஒரு வேளை போட வேண்டும். டப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடுமென்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுண்டு. கடல் ஈரத்தில் அவை ஊறிக் கெடும். பிறகு வேளை தவறும். அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும். ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு அந்த டப்பாவிலேயே இருப்பதுதான் நல்லது. ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. தெரிந்தவர் கண்ணில் படாமல் மருந்து வாங்க, ராமநாதபுரத்தை விட்டு மதுரைக்குப் பஸ் ஏறுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகிறது. ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியே துணைக்குத் தொற்றாது. இதை ஊரில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

‘எய்ட்ஸ் நோயாளி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் முத்திரைதான். எய்ட்ஸ் என்பது தொற்று முற்றிய நிலை. சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலோர் அந்த நிலையை எட்டுவதே இல்லை. ‘எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்’ என்பதே சரி.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 10.9.2018 முதல் நடப்பில் உள்ளது. வேலை, சிகிச்சை, பள்ளி, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டுவதை இது தடை செய்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், ஒருவருக்குத் தொற்று இருப்பதை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. நோயாளியின் கோப்பில் சிவப்பு மையில் பெரிதாகக் குறித்துப் பலர் பார்க்க வைத்தால், அதுவும் தொற்று இருப்பதை வெளியே சொல்வதுதான். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் இருக்கிறது. விவரம் கேட்க 1097க்குக் கட்டணமின்றி அழைக்கலாம். பாகுபாடு நடந்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் 30 நாளுக்குள் ஆணையிட வேண்டும், அவசர சிகிச்சை மறுக்கப்பட்டிருந்தால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள்.