முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுங்கள்

பெங்களூரில் மைக்ரோபயாலஜிஸ்டாக, அதாவது நோய்க்கிருமிகளை ஆராயும் டாக்டராக வேலை பார்க்கிறேன். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பாட்டிலில் வளர்த்துப் பார்ப்பதுதான் ரத்தக் கல்ச்சர். அல்சூர், சிவாஜிநகர் பக்கமிருந்து வரும் நம் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஏற்கெனவே உடம்புல ரத்தமே இல்ல டாக்டரம்மா, ரெண்டு கையிலயும் எடுக்கணுமா?"

எடுக்கத்தான் வேண்டும். ரத்தத்தில் பாக்டீரியா கலந்து நிலைமை மோசமானாலும், பெரியவர்களுக்கு ஒரு மில்லியில் ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கலாம். அதனால்தான் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, ஒரு கைக்கு இரண்டு பாட்டில். எல்லாம் சேர்ந்தாலும் 40 மில்லிதான். ரத்ததானத்தில் 350 மில்லி கொடுக்கிறோம். தோலில் வாழும் கிருமி ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்ததா, உண்மையான தொற்றா என்று பிரித்தறிய இரண்டாவது கை உதவும்.

நாங்கள் பயன்படுத்தும் பாட்டிலின் அடியில் ஒரு சின்ன வட்டம் உண்டு. கிருமி வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விட்டால் அது மஞ்சளாக மாறும். மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்து நாள் வைத்திருப்போம். ஆனால் நிஜமான தொற்று பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அலாரம் அடித்ததும் கிராம் ஸ்டெயின், அதாவது கிருமிக்குச் சாயமேற்றிப் பார்ப்பது. மைக்ரோஸ்கோப்பில் இளஞ்சிவப்புக் குச்சிகளா, ஊதா உருண்டைகளா என்று பார்த்து, ரிப்போர்ட் டைப் ஆகக் காத்திராமல் ஐசியூவுக்கு போன் செய்துவிடுவேன்.

அதே பாட்டிலிலிருந்து, பல கிருமிகளின் மரபணுக்களை ஒரே சமயத்தில் தேடும் மல்டிபிளக்ஸ் பிசிஆர் செய்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயர் கிடைக்கும். மருந்துக்கு அடங்காமல் கிருமியைக் காக்கும் என்டிஎம் போன்ற எதிர்ப்பு மரபணு இருந்தால் அதுவும் தெரியும். அப்போது அந்தக் கிருமிக்குக் கேட்காத மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கை நம்பி நாளைக் கடத்த வேண்டியதில்லை. ஆனால் தன் பட்டியலில் இல்லாத கிருமியை பிசிஆர் காட்டாது. எந்த மருந்து கேட்கும் என்று முழுதாகச் சொல்ல இன்றும் கல்ச்சர்தான் வேண்டும்.

இத்தனை வேகமும் வீணாவது ஆய்வகத்துக்கு வெளியேதான். இரண்டு நாள் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டு அப்புறம் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். கிருமி உள்ளே இருந்தும் பாட்டிலில் வளராமல் போகிறது. சில இடங்களில் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அறை வெப்பத்தில் வைத்து, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியது அது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு இருந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். அங்கே "முதல் ஊசிக்கு முன்னாடி கல்ச்சர் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். ஆனால் கல்ச்சருக்காக ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள்; ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். ரிப்போர்ட் வந்ததும் பெரிய ஊசியை நிறுத்திச் சாதாரண மருந்துக்கு மாற்றினால் பயப்படாதீர்கள். அந்தக் கிருமிக்கு எது போதும் என்று தெரிந்துதான் மாற்றுகிறார்கள்.