அந்தக் கல்லைக் கழுவாதீர்கள்

போன வாரம் ஓர் இளைஞர் தன் வீட்டு ஷோகேஸில் இருந்த கல்லை என்னிடம் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு வட்டம். இரண்டு அகல் விளக்குகளை முதுகோடு முதுகு ஒட்டியதுபோல இருபுறமும் குழிவு. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் விலங்கின் முள்ளெலும்பு, அதாவது கல்லாகிப்போன முதுகெலும்புத் துண்டு. சோப்புப் போட்டுத் தேய்த்து வார்னிஷும் அடித்திருந்தார்.

“எங்கே எடுத்தீர்கள்?”

“பெரம்பலூர் காரைப் பக்கம் சார். ஏதோ ஓடை. மூன்று வருடம் இருக்கும்.”

எனக்கு அழுகை வராத குறை. இப்படி வருபவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை.

அடுத்துக் கேட்டார், “டைனோசர்தானே சார்?” இல்லை. இக்தியோசர் டைனோசர் அல்ல. அது கடலிலேயே வாழ்ந்து, மூச்சுவிட மட்டும் மேலே வந்த ஊர்வன. ஆறேழு மீட்டர் வளர்ந்த இனங்கள் உண்டு. டைனோசர்கள் அழிவதற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே மறைந்துவிட்டது. முட்டையும் இடவில்லை, குட்டி போட்டது. வயிற்றில் குட்டிகளோடு கல்லான தாய்கள் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில் கிடைத்திருக்கின்றன. காரைக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையான கடல்தரை. அங்கே உருண்டையாக எது கிடைத்தாலும் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். 2020-இல் குன்னத்திலும் இதே கூத்துதான் நடந்தது. அவை அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர் சார்ந்த கல்லுருண்டைகள் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்குள் ஊரே கூடிவிட்டது. அரியலூர்ப் பக்கம் டைனோசர் எலும்பே கிடைத்ததில்லையா என்றால், கிடைத்திருக்கிறது. ஆனால் அது கல்லமேட்டில், இதைவிட மிகவும் இளைய பாறை அடுக்கில்.

ஒற்றை எலும்புதானே என்று நினைக்காதீர்கள். இந்த வட்டாரத்தில் கிடைத்த முள்ளெலும்புகளை வைத்துத்தான் 1879-இல் ரிச்சர்ட் லைடெக்கர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்றே ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். எந்த அடுக்கு என்று தெரிந்தால்தான் வயது தெரியும். இடம் மறந்துபோயிருந்தாலும், எலும்பில் ஒட்டிய களிமண்ணில் இருக்கும் நுண்ணிய கடலுயிர் ஓடுகளை வைத்து அடுக்கைத் தேடியிருப்பேன். அதைத்தான் அவர் குழாயடியில் கழுவிவிட்டார்.

தயவுசெய்து எடுக்காதீர்கள். தோண்டாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள், மொபைலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரணவாசி அருங்காட்சியகத்திலோ, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் (ஜியாலஜி) துறையிலோ சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் மண்ணோடு அப்படியே காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு காரைக்குப் போனேன். வெயில் ஏறும்வரை நான்கு ஓடைகளில் நடந்தோம். எந்த ஓடை என்று அவரால் சொல்ல முடியவில்லை.